போலீஸ் வெரிஃபிகேஷன்: நெல்லைச் சீமையில் உள்ளாட்சி வேலைக்கும் ஊர்ப்பணிக்கும் போகிறவர்கள் கேட்பவை

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியமைப்புப் பிரிவில் கோப்பு எழுதினேன். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியும் திண்ணைக்கு ஆள் வருவது நிற்கவில்லை. வருகிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உறைக்குள் ஒரு படிவம், படிவத்தில் ஏதோ ஒரு கட்டம் நிரப்பாமல் கிடக்கும். "அண்ணாச்சி, இதில் என்ன எழுத?" என்பார்கள். பத்துக்கு எட்டுத் தடவை அது குற்றவழக்கைப் பற்றிய கட்டம். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு உள்ளவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.

நன்னடத்தைச் சான்று, போலீஸ் வெரிஃபிகேஷன், பி.சி.சி. மூன்றும் ஒன்றுதானே?

மூன்றும் வேறு வேறு. நன்னடத்தைச் சான்று என்பது தலைமை ஆசிரியரோ ஓர் அதிகாரியோ "இவரை எனக்குத் தெரியும், நல்லவர்" என்று எழுதிக் கொடுப்பது. அதற்காக எந்தப் பதிவேட்டையும் யாரும் புரட்டுவதில்லை. போலீஸ் வெரிஃபிகேஷன் என்பது காவல் நிலையப் பதிவுகளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து எழுதும் அறிக்கை. பி.சி.சி. என்பது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், வெளிநாடு போகிறவர்களுக்கு, அதைப் பாஸ்போர்ட் அலுவலகம் தருகிறது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் துபாய்க்கும் தோகாவுக்கும் போகிற பிள்ளைகளுக்கு அது பழக்கமான பெயர். மைத்துனர் வாங்கியதைப் பார்த்துவிட்டு அதையே வாங்கிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

உள்ளாட்சியில் யாருக்கெல்லாம் இந்தச் சோதனை?

நிரந்தரப் பணியிடம் என்றால் நியமிக்கும் அலுவலகமே படிவத்தை நிரப்பச் சொல்லிக் காவல்துறைக்கு அனுப்பும். தினக்கூலி, தொகுப்பூதியம், ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்கள் என்றால் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறும். சில இடத்தில் கேட்பார்கள், சில இடத்தில் ஆதார் நகலோடு முடிந்துவிடும்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இந்த நெகிழ்வுக்கு வழியில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் போக்சோ. 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், குழந்தைகள் தங்கும் இடங்களும் குழந்தைகளோடு வழக்கமாகத் தொடர்பு உள்ள நிறுவனங்களும் தம் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. பள்ளி, குழந்தைக் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் எல்லாம் அதில் வரும். ஆசிரியரா, காவலாளியா, நிரந்தரமா, ஒப்பந்தமா என்ற பேதம் கிடையாது. அதுவும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பைக் கட்டி வைப்பது போதாது, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது விதி.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குநர், கொசு மருந்து அடிப்பவர், தூய்மைப் பணியாளர் போன்றோர் அந்த விதியின் சொற்களுக்குள் நேராக வரமாட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்து மோட்டாரைப் பார்க்க வாரத்துக்கு இரண்டு முறை உள்ளே போகிறவரைச் சரிபார்த்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

சம்பளமே வாங்காத தன்னார்வலருக்கும் வேண்டுமா?

போக்சோ விதி "பணியாளர்" என்றுதான் சொல்கிறது. தன்னார்வலரை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடலாமா என்றால், கூடாது என்பேன். இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது மாலை நேரத்தில் தெருப்பிள்ளைகள் பத்திருபது பேர் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். காலை உணவுத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் விடியும் முன்பே பள்ளிச் சமையலறைக்குள் இருக்கிறார்கள். சம்பளமா, மதிப்பூதியமா, சேவையா என்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைக்கு எல்லோரும் "சார்", "அக்கா"தான்.

எல்லா ஊர்ப்பணிக்கும் போலீஸ் சான்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதும் உண்மை. 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையம் குளமாகக் கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்குப் படகு கொண்டுவந்த மீனவரிடம் யாராவது சான்று கேட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

ஆனால் மூன்றாம் நாள், தண்ணீர் வடிந்து, பள்ளிக்கூடமே முகாமாகிவிட்ட நேரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கழுத்தில் "தன்னார்வலர்" என்று எழுதிய அட்டை மாட்டிய ஓர் இளைஞர், அழுதுகொண்டிருந்த இரண்டு சிறுமிகளை "வாங்க, பிஸ்கட் வாங்கித் தருகிறேன்" என்று கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டப் போனார். வராந்தாவில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மாள் துடைப்பத்தைக் குறுக்கே வைத்தார். "தம்பிக்கு எந்த ஊர்? யார் கூட்டிவந்தது? பிள்ளைகளின் ஆச்சியிடம் சொன்னீர்களா?" இளைஞர் சங்கரன்கோவில் பக்கம், கல்லூரி மாணவர், நல்ல பிள்ளைதான். முகம் சிவந்தது, ஆனால் கோபப்படவில்லை. சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வாசலில் வைத்தோம். பெயர், ஊர், செல் எண், யார் அனுப்பியது, வந்த நேரம், போன நேரம். குழந்தையை வெளியே கூட்டிப் போவதாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும் என்றும் முதல் பக்கத்தில் எழுதினோம்.

அவசரத்துக்கு நோட்டு. வாரக்கணக்கில் தொடரும் பணி என்றால், அதிலும் பிள்ளைகள், தனியாக இருக்கும் முதியவர்கள், பணம் மூன்றில் ஒன்று சம்பந்தப்பட்டால், முறையான வெரிஃபிகேஷன். நான் வகுத்துக்கொண்ட கோடு இவ்வளவுதான்.

எங்கே விண்ணப்பிப்பது?

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. விண்ணப்பம், ஆவணம், கட்டணம் எல்லாம் அதிலேயே. நியமன அலுவலகமே நேரடியாக அனுப்பினால் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் ஆட்கள் தடுமாறுவது எல்லையில். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர், பெருமாள்புரம் என்றால் மாநகரக் காவல் ஆணையர். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை என்றால் திருநெல்வேலி மாவட்ட எஸ்.பி. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். ஸ்ரீவைகுண்டமும் திருச்செந்தூரும் 1986இலேயே தூத்துக்குடியோடு போய்விட்டன. பேச்சில் எல்லாரும் "திருநெல்வேலி ஜில்லா" என்றுதான் சொல்கிறோம், படிவத்தில் அப்படி எழுதினால் திரும்பி வரும்.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து என்ன கேட்பார்? "டீ செலவு" கேட்டால்?

முகவரி சரியா, எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தார் யார் என்று கேட்பார். நிலையத்தில் கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. கட்டணம் இருந்தால் அது இணையத்தில் கட்டியதோடு முடிந்தது. கையில் கொடுக்க ஒன்றுமில்லை. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்துவிட்டால் ஏழு நாளுக்குள் புகார் தெரிவித்தால்தான் தப்பலாம். வருகிறவருக்கு மோர் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

"ஏதேனும் வழக்கு உண்டா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிடலாமா? சின்னக் கேஸ்தானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

ஓர் இளைஞர். தொட்டி இயக்குநர் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். படிவத்தில் மூன்று கட்டங்கள்: கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு நிலுவையில் உண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா. மூன்றிலும் நீல மையில், அழுத்தமாக, "இல்லை". மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஆறு ஆண்டுக்கு முன் அவருடைய ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில், வில்லுப்பாட்டுக்கு நாற்காலி போடுவதில் தகராறு. பதினான்கு பேர் மேல் எஃப்.ஐ.ஆர். பிரிவுகள் 294(பி), 323, 506(2).

தென் மாவட்டத்தில் இந்த மூன்று எண்களும் பஸ் எண் மாதிரி எல்லாருக்கும் மனப்பாடம். கெட்ட வார்த்தை, கையால் அடித்தது, கொலை மிரட்டல். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 296(பி), 115(2), 351(3) ஆகிவிட்டன. எண் மாறியதே தவிர கொடைச் சண்டை மாறவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது முடிந்துபோன கேஸ், அண்ணாச்சி. கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் கட்டினோம். அலைச்சல் மிச்சம் என்று வக்கீல் சொன்னார்" என்றார். ஹெல்மெட் இல்லாமல் போனதற்குக் கட்டும் அபராதத்தைப் போலத்தான் அதை நினைத்திருந்தார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் அபராதம் கட்டினால் அது தண்டனை. சிறைக்குப் போகவில்லை என்பதால் தண்டனை இல்லை என்று ஆகாது. இதை அந்த நீதிமன்ற வராந்தாவில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அபராதம் ஐந்நூறா ஆயிரமா என்று சொன்னவர்கள் இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆணையில் எழுதப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள்: அடிதடி வழக்கு என்று அதில் இல்லை, "உண்மையை மறைத்தார்" என்றுதான் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து வேறோர் உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பித்தபோது அதே கட்டத்தில் "ஆம்" என்று எழுதி, குற்ற எண், ஆண்டு, தீர்ப்பு நகல், நடந்ததை விளக்கி அரைப் பக்கக் கடிதம் எல்லாம் இணைத்தார். அதிகாரி படித்துவிட்டு, "கொடைச் சண்டையா?" என்று கேட்டாராம். வேலை கிடைத்தது.

அப்படியானால் மறைத்தால் வேலை நிச்சயம் போகுமா?

நிச்சயம் என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலையில் இதற்கென்றே வழிமுறை வகுத்தது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான விஷயமாக இருந்தால் மறைத்ததையும் பொறுத்துக்கொள்ளலாம். கனமான வழக்கில் தண்டனை என்றால் நீக்கலாம். உள்ளதைச் சொன்னவரையும் பொருத்தம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கட்டாயமாக எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. படிவத்தில் தெளிவாகக் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லக் கடமை, கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டக் கூடாது. வேலை என்ன தரத்தது, வழக்கு என்ன தரத்தது என்று எடை போடாமல் இயந்திரம் போல நீக்கக் கூடாது என்பதை 2022இலும் அதே நீதிமன்றம் சொன்னது.

ஆனால் இந்தத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டி வெல்வதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு எத்தனை முறை பஸ் ஏற வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். "ஆம்" என்று எழுத ஒரு நிமிடம் போதும்.

சி.எஸ்.ஆர். மட்டும் போட்டார்கள். அதுவும் வழக்கா?

இல்லை. புகார் வந்தது என்பதற்கான ரசீது அது. எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் வழக்கு. "107" என்று சொல்கிறோமே, அமைதி காப்பேன் என்று எழுதி வாங்குவது, குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டத்தில் 126, அதுவும் தண்டனை அல்ல. பாகப்பிரிவினை வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, வாய்க்கால் வரப்புக்கான சிவில் வழக்கு எதுவும் குற்றவழக்கில் சேராது. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டி நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது சேரும். பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்றே தெரியாதவர்கள் நம் ஊரில் நிறைய. "மற்றும் சிலர்" என்று எழுதி, பின்னால் குற்றப்பத்திரிகையில் பெயர் ஏறியிருக்கும். நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். ஊர்ச்சண்டை நடந்த நினைவு இருந்தால் விண்ணப்பிக்கும் முன் தேடிவிடுங்கள்.

விடுதலை ஆகிவிட்டேன். இன்னுமா கேட்பார்கள்?

விடுதலையில் இரண்டு வகை பார்க்கிறார்கள். சாட்சிகளை எல்லாம் அலசி, குற்றச்சாட்டை அரசுத் தரப்பு நிரூபிக்கவே இல்லை என்று விடுவிப்பது ஒன்று. அதைக் "கௌரவமான விடுதலை" என்பார்கள். சாட்சிகள் பிறழ்ந்ததால் சந்தேகத்தின் பலனைத் தந்து விடுவிப்பது மற்றொன்று.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசிய 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம் மண்ணிலிருந்து போனது. 1999இல் குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்ட ஒரு காவலர், இரவு தென்காசி பஸ் நிலையத்தில் குடித்துவிட்டு ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக வழக்கு. நீதிமன்றத்தில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள், அவர் விடுதலையானார். ஆனாலும் துறை விசாரணையில் நீக்கப்பட்டது செல்லும் என்று தீர்ப்பானது. அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் இறங்கும் அதே பஸ் நிலையத்தின் பெயர், நாடு முழுவதும் வேலைவாய்ப்பு வழக்குகளில் வக்கீல்கள் வாசிக்கும் தீர்ப்புக்குள் இருக்கிறது.

காவலர் வேலைக்குத் தமிழ்நாட்டு விதியே கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்ளும். உள்ளாட்சி வேலைக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் சில அதிகாரிகள் அந்த அளவுகோலையே தூக்கிக்கொண்டு வருவார்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் இணைக்காமல் முழுத் தீர்ப்பையும் இணைத்துக் கொடுங்கள்.

இரு தரப்பும் ராஜியாகிவிட்டோம். வழக்கு போய்விட்டதுதானே?

நாட்டாமை முன்னால் கைகுலுக்கியது காவல் நிலையத்துக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் ராஜி பதிவானால் அது விடுதலைக்குச் சமம். சிக்கல் எங்கே வரும் என்றால், 323 ராஜியாகும், 294(பி) ராஜிப் பட்டியலில் கிடையாது. கை நீட்டி அடித்ததை மன்னிக்கலாம், வைததை மன்னிக்க முடியாது என்று சட்டம் நினைக்கிறதோ என்னவோ. அதனால்தான் சமாதானமான பிறகும் வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். ரத்து உத்தரவு வந்ததும் அதன் நகலை நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிலையப் பதிவு தானாகத் திருந்தாது. உங்கள் கையிலும் இரண்டு நகல் இருக்கட்டும்.

கூடங்குளம் போராட்டத்திலும் கொரோனா ஊரடங்கிலும் போட்ட வழக்குகள்?

ராதாபுரம் கடற்கரைப் பிள்ளைகள் பலர் இதனால் பாஸ்போர்ட்டுக்கே அலைந்தார்கள். போராட்டக்காரர்கள் மேலான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பிலேயே சொன்னது. பல வழக்குகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் பத்து லட்சம் திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. அதை அன்றைய முதலமைச்சர் வெளியிட்டது நம் கடையநல்லூரில். வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை அதில் சேரவில்லை. அறிவிப்பு வந்தது என்பதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் குற்ற எண் முடிக்கப்பட்டதா என்று நிலையத்தில் அல்லது நீதிமன்றத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினாறு வயதில் பள்ளியில் நடந்த தகராறு இது. இப்போது வருமா?

வரக் கூடாது. சாதி அடையாளமாகக் கையில் கட்டிய கயிற்றின் நிறத்துக்காக அடித்துக்கொண்ட பையன்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயதுக்கு முன் நடந்த குற்றத்துக்கான தீர்ப்பால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடவும் கூடாது. பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் கொடிய குற்றம் செய்து பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிலையத்திலிருந்து அப்படி ஓர் அறிக்கை வந்துவிட்டால் அதை எதிர்த்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பத்து ஆண்டு சென்னையில் மளிகைக் கடை. இங்குள்ள நிலையம் எனக்குச் சான்று தந்தால் போதுமா?

காகிதத்துக்குப் போதும். உண்மைக்குப் போதாது. நம் ஆட்கள் பாதிப் பேர் சென்னையிலும் திருப்பூரிலும் மும்பை தாராவியிலும் கடை வைத்து, ஐம்பது வயதில் ஊர் திரும்புகிறவர்கள். உள்ளூர் நிலையத்தின் நோட்டில் அவர்கள் எல்லாரும் சுத்தம், ஏனென்றால் அவர்கள் இங்கே இருக்கவே இல்லை. நிலையங்களைக் கணினியால் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் எடுக்கிற அலுவலகம் கடந்த ஐந்து, பத்து ஆண்டு முகவரிகளையும் கேட்டு வாங்கி, அந்த ஊர்களுக்கும் எழுதுவதுதான் ஒழுங்கு.

பாலியல் குற்றவாளிகள் பட்டியல் அரசிடம் இருக்கிறதாமே, ஊராட்சியே பார்த்துக்கொள்ளலாமா?

2018இல் தொடங்கிய தேசியத் தரவுத்தளம் இருக்கிறது. காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். ஊராட்சித் தலைவரும் பார்க்க முடியாது, நானும் நீங்களும் பார்க்க முடியாது. வெரிஃபிகேஷன் கேட்பதுதான் வழி.

ஒப்பந்தக்காரர் "எல்லாருக்கும் வெரிஃபிகேஷன் ஆகிவிட்டது" என்கிறார். நம்பலாமா?

மூலத்தைப் பாருங்கள். ஒருமுறை ஓர் ஒப்பந்தக்காரர் முப்பத்தைந்து பேருக்கான சான்று என்று ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். புரட்டினால் ஒன்பது தாள்களில் ஒரே விண்ணப்ப எண். பெயரை மட்டும் வெள்ளை மையால் அழித்து எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். "கம்ப்யூட்டர் மிஸ்டேக்" என்றார். கம்ப்யூட்டருக்கு வெள்ளை மை பூசத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் தெருக் கூட்ட வருகிறவரைப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்திய அடிதடி அபராதத்துக்காக நிறுத்துவது அநியாயம். வரி வசூலிப்பவர் என்றால் மோசடி வழக்கு பார்க்க வேண்டும். குப்பை வண்டி ஓட்டுநர் என்றால் விபத்து வழக்கு பார்க்க வேண்டும். பிள்ளைகள் பக்கம் போகிறவர் என்றால் போக்சோ. எல்லா வேலைக்கும் எல்லா வழக்கையும் பார்த்தால் கடைசியில் மேல் பக்கத்தில் ஆள் உள்ளவர் மட்டும் உள்ளே வருவார்.

ஊழியருக்கு இத்தனை, தலைவருக்கு?

வேட்புமனுவோடு தம் மேலுள்ள வழக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார். அதைப் படித்துவிட்டு வாக்களிக்கலாம்.

வேலையில் சேர்ந்த பிறகு வழக்கு வந்தால்?

அலுவலகத்துக்கு நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள். அரசு ஊழியர் விதிப்படி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம்தான். நாளிதழில் பார்த்து மேலதிகாரி தெரிந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். குழந்தைக்கு எதிரான குற்றம் உங்கள் நிறுவனத்தில் நடந்தது தெரிந்தால் சான்றெல்லாம் இரண்டாம்பட்சம். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். மூடி மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்குப் போக்சோ சட்டப்படி ஓராண்டு வரை சிறை.

என் மேல் ஒன்றுமில்லை, அண்ணன் மேல் ரவுடிப் பட்டியல். எனக்கு வேலை போகுமா? அறிக்கையை யாரெல்லாம் பார்ப்பார்கள்?

அண்ணன் அண்ணன்தான், நீங்கள் நீங்கள்தான். அவருடைய வழக்கு உங்கள் அறிக்கையில் வர வேண்டிய அவசியமே இல்லை. நியமன அதிகாரியும் கோப்பைக் கையாளும் எழுத்தரும் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கத் தேவையில்லை.

தேவையில்லை என்றுதான் சொல்ல முடியும். ஓர் அலுவலகத்தில் காலை உணவுச் சமையலுக்கு வந்த பெண் ஒருவரின் அறிக்கை, உறை பிரித்தபடி, டீ கிளாஸுக்கு அடியில் மேசை மேல் அரை நாள் கிடந்தது. அவர் மேல் வழக்கு எதுவும் இல்லை. யாரோ ஒரு காவலர் ஓரத்தில் பென்சிலால் "அண்ணன் எச்.எஸ்." என்று குறித்திருந்தார். ஹிஸ்டரி ஷீட், அதாவது ரவுடிப் பட்டியல் என்று பொருள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று, அவர் கையால் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்றார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. இருபது வருடமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

தலைமை ஆசிரியை அந்த இரண்டு தாய்மார்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பொங்கலைத் தாமே முதலில் ஒரு தட்டில் போட்டுச் சாப்பிட்டார். பென்சில் குறிப்பை அழிப்பான் கொண்டு அழித்துவிடலாம் என்று உதவியாளர் சொன்னார். அரசுக் கோப்பில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, "இந்தக் குறிப்பு விண்ணப்பதாரருக்குத் தொடர்பற்றது" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, உறையிலிட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினேன். அவர் இப்போதும் அங்கேதான் சமைக்கிறார்.